படித்த தாள் பசைக்கு

செண்பகவல்லி பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அப்படிப்பட்டவளைத்தான் திருத்தங்கல் குழாய் செட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாசிக்க உட்கார்த்தி வைத்தார்கள்.

செட் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வெடிக்கு உறையாகிற காகிதக் குழாயை அங்கே உருட்டுவார்கள். வெடிமருந்து கிடையாது, திரி கிடையாது. பழைய தாள், பசை வாளி, இரும்புக் கம்பி, அவ்வளவுதான். தாளில் பசை தடவிக் கம்பியில் சுற்றிப் பலகையில் ஓர் உருட்டு உருட்டி, கம்பியை உருவினால் ஒரு குழாய். காய்ந்த குழாயெல்லாம் சாக்கில் ஏறி வெடிக் கம்பெனிகளுக்குப் போய்விடும். அங்கே எந்த மருந்து அதற்குள் போகிறது, எந்த ஊரில் யார் கொளுத்துகிறார்கள் என்பதெல்லாம் உருட்டியவர்களுக்குத் தெரியாது.

முதலாளி சீனிவாசகம் செட்டுக்குள் செல்போனைச் சேர்க்க மாட்டார். மருந்தில்லாத இடத்தில் போனால் என்ன ஆபத்து என்று சுந்தரத்தாய் கேட்டதற்கு, "எனக்குத்தான்மா ஆபத்து. ஒரு கை போனத் தடவுனா மிச்சக் கைதான குழாய் உருட்டும்" என்றார். கொஞ்ச நாள் ரேடியோ ஓடியது. பழைய பாட்டா புதுப்பாட்டா என்று சண்டை வந்து அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது எதிரே குவிந்து கிடந்த பழைய தாள்தான்.

தாள் லோடு மதுரைப் பக்கமிருந்து வரும். அட்டை கிழிந்த மாத நாவல்கள், பரீட்சை கைடுகள், அச்சகத்தில் வெட்டிப்போட்ட கல்யாணப் பத்திரிகை ஓரங்கள், ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கட்டுப் பிரிக்காமலே கழித்துப்போட்ட இந்த மாவட்டத்துச் சுகாதார அறிக்கைகள். எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும்.

"ஏத்தா செம்பகம், இம்புட்டு எழுத்த உருட்டித் தள்ளுறோம். அதுல என்னதான் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லேன். காலேஜுக்கு எதுக்குப் போன, பஸ்ஸுல சன்னலோரம் உக்காரவா?" என்று ஒரு நாள் ஆரம்பித்து வைத்தவளும் சுந்தரத்தாய்தான்.

செண்பகவல்லி வேதியியல் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூட வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். அவர் தன் டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவராகவே, "சரிம்மா, போய்ட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தார். அதற்கப்புறம்தான் குழாய் உருட்ட வந்தாள்.

பேச வராதவளுக்கு வாசிக்க வந்தது. தாளைப் பார்த்தால் போதும், எதிரே இருக்கிற முகங்களைப் பார்க்க வேண்டியதில்லை. வார்த்தை அவளுடையது இல்லை, அச்சடித்தவனுடையது. அது ஒரு தைரியம்.

"சத்தமாப் படி. கொசு பாடுற மாதிரி இருக்கு" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும்.

வாசிக்கிறவள் உருட்ட முடியாது என்பதால் சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி குழாயை அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். இன்னொரு ஏற்பாடும் தானாக வந்து சேர்ந்தது. தாள் சும்மா கிடக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்ததும் அதைக் கிழித்துப் பக்கத்திலிருப்பவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் பசை தடவிச் சுற்றிவிடுவாள். படித்த தாள் பசைக்கு. திரும்பிப் போய்ப் பார்க்கவே முடியாது. போன வாரக் கதையில் கொலை செய்தவன் கொழுந்தனா, டிரைவரா என்று சண்டை வந்தால் செண்பகம் சொன்னதுதான் தீர்ப்பு. சாட்சியெல்லாம் குழாயாகி எங்கோ போயிருக்கும்.

ஒரு தடவை ஒரு நாவலுக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. கதாநாயகி ரயில் நிலையத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். அதற்கப்புறம் தலைவலித் தைல விளம்பரம். பெண்கள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகம் விளம்பரத்தின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, தானாகவே ஒரு ரயிலை வரவழைத்து, அவளை ஏற்றிவிட்டு, அண்ணன் வீட்டுக் கதவையும் திறக்க வைத்தாள். வள்ளித்தாய் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க செண்பகத்துக்கு உடம்பு லேசாக இருந்தது.

அறிக்கைகளை முதலில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. நாவல் தீர்ந்துபோன ஒரு மத்தியானம் அவளாகத்தான் ஒன்றை எடுத்தாள். ரத்தசோகை பற்றிய அத்தியாயம்.

"இம்மாவட்டத்தில் பரிசோதிக்கப்பட்ட பெண்களில் சரிபாதிக்கு மேற்பட்டோருக்கு..."

"கவருமெண்டுக்கு எப்படிடி தெரியும் என் ஒடம்புல ரத்தமில்லைன்னு?"

"ஒங்க மாமியா போட்டுக் குடுத்திருப்பாக மதினி."

சிரித்தார்கள். ஆனால் கேட்டார்கள். காய்ச்சல், குடிதண்ணீர், பிரசவம் என்று நாள் ஓட, காலையில் கதை, மத்தியானம் ரிப்போர்ட் என்று வழக்கமாகிவிட்டது. ரிப்போர்ட்டையும் அவர்கள் கதை கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். ஓர் அட்டவணையில், ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவத்தில் இறந்தவர் ஒருவர் என்று இருந்தது.

"அந்த ஒண்ணு யாரு?" என்றாள் வள்ளித்தாய்.

"பேரு போடல பெரியம்மா. எண்ணிக்கை மட்டுந்தான்."

"பேரு இல்லாம ஒரு பொம்பள எப்படிச் சாவா? அடுத்த பக்கத்துல இருக்கும், பாரு. பிள்ள பொழைச்சுச்சா?"

செண்பகம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே தடுப்பூசிக் கணக்குதான் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். "பிள்ளை பிழைத்துக்கொண்டது. பாட்டி வீட்டில் வளர்கிறது" என்று வாசித்தாள். வள்ளித்தாய் மூச்சை விட்டுவிட்டுக் கம்பியை எடுத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பேரும் ஊரும் வந்தது.

வள்ளித்தாயின் மகள் மாரிசெல்வி செண்பகத்துக்கு அடுத்த இடத்தில் உட்காருவாள். இருபது வயது. படித்த தாளை வாங்கிச் சுற்றுகிறவள் பெரும்பாலும் அவள்தான். விரல் அவ்வளவு வேகம். காரியாபட்டிப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிற பிரபாகரனுக்கு அவளைப் பேசி, பூ வைத்தாயிற்று. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை டீ குடிக்கிறபோது மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான் என்று செண்பகத்துக்கு மட்டும் நடித்துக் காட்டியிருக்கிறாள். செண்பகம் தாராளமாகப் பேசுகிற ஒரே ஆளும் அவள்தான்.

புரட்டாசியில் ஊர்க்காவலன் வந்தான். தீபாவளி சீசன் வந்தால் ஆள் பிடிக்கிற கான்ட்ராக்ட்காரன். ஆனைக்குட்டம் போகிற பாதையில் ஒரு வெடி செட்டை உள்குத்தகைக்கு எடுத்திருந்தான். லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்கும், உள்ளே நடத்துகிறவன் வேறு ஒருத்தன், அந்த மாதிரி.

"என்னக்கா, இன்னும் காயிதத்தையே உருட்டிக்கிட்டு இருக்கீக? மாரிசெல்விய அனுப்புங்க. பேன்சி அயிட்டம், மருந்து செலுத்துற வேல. போன சீசன்ல கொஞ்ச நாள் வந்துச்சுல்ல, என்னா கை அது! இங்க வாங்குறது மாதிரி ரெண்டு மடங்கு. கல்யாணத்துக்கு ஆகும்ல."

"பயமா இருக்குப்பா" என்றாள் வள்ளித்தாய்.

"என்ன பயம்? ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. எங்ககிட்ட ஒரு நிமிசம் சும்மா உக்கார வேண்டாம். மழை வந்தாக்கூட கலந்த மருந்த மூடிப் போட்டுட்டுப் போனா, மறுநா வந்ததும் கைய வச்சிர வேண்டியதுதான். ஒரு பொடி வீணாகாது."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். செண்பகம் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. அலுமினியப் பொடியும் கந்தகமும் ஈரத்தோடு சேர்ந்து கிடந்தால் தீக்குச்சியே தேவையில்லை, தானாகச் சூடேறும். அவளுடைய பாடப் புத்தகத்தில் இருந்தது. ஊரிலும் தெரியும். பல செட்டுகள் காலையில் கதவைத் திறந்ததும் வெடித்துப் போனவைதான்.

குழாய் செட்டுக்குத் தூரத்துச் சத்தம் புதிதில்லை. எங்காவது 'டம்' என்று கேட்டால் எல்லாக் கையும் அப்படியே நின்றுவிடும். ஒற்றைச் சத்தம் என்றால் வெடித்துப் பார்க்கிறார்கள், சோதனை. விடாமல் பொரிந்தால் ஒரு செட் போய்விட்டது. அடுத்த சத்தம் வரவில்லை என்று ஆன பிறகுதான் கை திரும்ப ஓடும். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் செண்பகம், "அங்கன போகாதடி" என்றாள்.

"ஏன்?"

"வேண்டாம்."

"ஏன்னு சொல்லு. நீதான கெமிஸ்ட்ரி."

ஈரம், கந்தகம், சூடு என்று எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. மாரிசெல்வி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் எல்லாம் வழிதப்பிப் போயிற்று.

"சும்மாதான்... சொல்றேன்."

"சும்மா சொன்னா எங்கம்மா கேப்பாளா? அவளே அரை மனசா சம்மதிச்சுட்டா. ஒரு மாசந்தான் செம்பகம். பீரோவாவது என் காசுல எடுத்துட்டுப் போறேன்."

மறுநாள் மத்தியானம் அறிக்கையில் அடுத்த பக்கம் ஓர் அட்டவணை. தீக்காயத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள். பகுதி வாரியாக, ஆண், பெண், வயது, எந்த மாதம், பிழைத்தவர், பிழைக்காதவர். செண்பகம் அதை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டினாள். எல்லாம் வெறும் எண். ஒவ்வொரு சீசனும் இத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போன பெண்களிடம் இன்னொரு கணக்கைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். வள்ளித்தாய்க்கு எது உறைக்கும்?

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தாள்.

"வெடிமருந்துத் தூசியைச் சுவாசிக்கும் மணமாகாத பெண்களுக்குக் கருத்தரிக்கும் தன்மை குன்றிவிடுவதாக இந்த ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. ஒரு மாதம் அவ்வேலையில் ஈடுபட்டவர்களும் இதற்கு விலக்கல்ல."

அறிக்கை எப்படிப் பேசும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு சொல் பிசகவில்லை.

சுந்தரத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "போடி, நான் சமைஞ்ச நாள்லருந்து மருந்துலதான் கெடந்தேன். மூணு பெக்கலையா?"

"எல்லாத்துக்குமா வரும்? சில பேருக்கு வரும்" என்றாள் இன்னொருத்தி. "கவருமெண்டு சும்மா எழுதுமா?"

மூலையில் முத்துமாரி என்ற பெண் இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மருந்து செட்டில் இருந்தவள். அவள் கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. "அப்ப அதுனாலதானா" என்றாள். செண்பகத்தைப் பார்த்து, "எங்கிட்ட கொறை இல்லைல்ல? மருந்துதான?" என்றாள். செண்பகம் தலையை ஆட்டிவிட்டாள். வேறு என்ன செய்வாள்?

வள்ளித்தாய் மகளைப் பார்த்துச் சொன்னாள். "ஊர்க்காவலன்கிட்ட வரலன்னு சொல்லிரு."

செண்பகம் அந்தத் தாளைக் கிழித்து நீட்டினாள். மாரிசெல்வி வாங்கிப் பசை தடவிச் சுற்றினாள். முகம் சுண்டிப்போயிருந்தது. செண்பகத்துக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தப்பித்தாள் என்பது ஒன்றுதான் மனசில் நின்றது. மாரிசெல்வி ஏற்கெனவே போன சீசனில் கொஞ்ச நாள் மருந்து செலுத்தினவள் என்பது, ஊர்க்காவலன் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தும், அப்போது அவள் நினைவுக்கே வரவில்லை.

பேச்சை வெளியே கொண்டுபோனவள் முத்துமாரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாமியார் வாய்க்குப் பதில் சொல்ல அவளுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்று கிடைத்திருந்தது. மாமியாரிடம் சொன்னாள், நாத்தனாரிடம் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். அரசாங்கமே புத்தகம் போட்டிருக்கிறது என்றாள். அது பஸ் ஏறிக் காரியாபட்டிக்கும் போய்ச் சேர்ந்தது.

பிரபாகரனின் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை வள்ளித்தாய் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்ததைத் தொடவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

"எங்களுக்கு ஒத்தப் பையன். ஒங்க மகளக் கொறை சொல்லல. மருந்து செட்டுக்குப் போனத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

"கொஞ்ச நாள்தான் மதினி..."

"ஒரு மாசம் போதும்னு எழுதியிருக்காமே."

பூ வைத்தபோது கொடுத்த சேலையை வள்ளித்தாய் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். சுவரோரம் நின்றிருந்த மாரிசெல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செண்பகம் இதை மறுநாள் செட்டில் சுந்தரத்தாய் சொல்லித்தான் கேட்டாள். அன்று அவள் வாசிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றாள்.

அலுவலகத்திலிருந்து கட்டாக வந்ததால் அதே அறிக்கையின் வேறு பிரதிகள் குவியலுக்கு அடியில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் தோண்டி ஒன்றை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் மாறிக் காரியாபட்டிக்குத் தனியாகப் போனாள். தனியாக அவ்வளவு தூரம் போனதும் கிடையாது, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டியதும் கிடையாது. வழி நெடுக, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தாள்.

பிரபாகரனின் அம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிரபாகரன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் பொய்யா வாசிச்சேன்" என்றாள் செண்பகம்.

"என்னம்மா சொல்ற? காதுல விழல."

"அந்த ரிப்போர்ட்ல அப்படி இல்ல. நானாச் சொன்னேன். அவ வெடி செட்டுக்குப் போயிரக் கூடாதுன்னு." பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பக்கத்தைக் காட்டினாள். "இந்தப் பக்கந்தான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது பூரா நம்பரால்ல இருக்கு."

"ஆமா. நம்பர் மட்டுந்தான் இருந்துச்சு."

"நம்பரப் பாத்து யாராவது பிள்ள பெறக்காதுன்னு வாசிப்பாகளா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் இரக்கம் இருந்தது. "நீ நல்ல பிள்ளம்மா. சிநேகிதிக்காக அலைஞ்சு வந்திருக்க. ஒன்னப் பாத்தாலே தெரியுது, ஒனக்குப் பொய் சொல்ல வரல."

பிரபாகரன் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்து அறிக்கையை வாங்கிப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்தான். "எம்மா, இதுல எங்கயும் அப்படி இல்லையேம்மா."

"இந்தப் புஸ்தகத்துல இல்லன்னா வேற புஸ்தகத்துல இருக்கும். இம்புட்டுப் பேரு கேட்டிருக்காக. ஒங்க செட்டுல ஒருத்தி வருசக்கணக்கா வெறும் வயித்தோட இருக்காளாம்ல, அது பொய்யா?"

அவன் அறிக்கையை மூடி அவளிடம் கொடுத்தான். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோல விடவா?" என்றான். அவள் வேண்டாம் என்று நடந்தே போனாள்.

திங்கட்கிழமை செட்டிலும் சொன்னாள். எழுந்து நின்று, "அன்னைக்கு வாசிச்சது நானா இட்டுக்கட்டுனது" என்றாள். கடைசி வரிசையிலிருந்து "சத்தமாச் சொல்லு" என்றார்கள். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டவர்களின் கைகள் நின்றன. சுந்தரத்தாய், "அப்ப அந்த ரயிலு?" என்றாள். "கைப்பிள்ளையோட நின்னாளே, அண்ணங்காரன் கதவத் தொறந்தானே, அது?"

"அதுவும் நாந்தான்."

"பிரசவத்துல செத்தவளோட பிள்ள?"

முத்துமாரி பலகையைவிட்டு எழுந்து வெளியே போனாள். அன்று முழுக்க அவள் திரும்பவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே பதிலும் போய்விட்டது. வள்ளித்தாய் குனிந்த தலை குனிந்தபடி உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மாரிசெல்வியின் பலகை காலியாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் செண்பகம் அறிக்கையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனாள். ஊர்க்காவலனின் வேன் அங்கேதான் ஆள் ஏற்றும். மாரிசெல்வி தூக்குவாளியோடு நின்றிருந்தாள். மருந்து வேலைக்குப் போடுகிற கருப்புச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை.

"எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன் மாரி. காரியாபட்டிக்கும் போனேன்."

"தெரியும். அவரு போன் பண்ணாரு. அம்மாவ மீற முடியாதுன்னு அழுதாரு." மாரிசெல்வி லேசாகச் சிரித்தாள். "மீசையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரான்னு தெரியல."

"போகாத. அவன் மருந்த மிச்சம் வைக்கிறான். ஈரத்துல கெடந்தா தானாச் சூடாகும். கந்தகமும் அலுமினியமும்... யாரும் பத்த வைக்க வேண்டாம். காலைல தொட்டாலே போதும்." ஒரே மூச்சில் வந்துவிட்டது. அன்றைக்குக் குழாயடியில் வராததெல்லாம் இப்போது வந்தது.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ல வரல."

மாரிசெல்வி கையை நீட்டினாள். "அந்தப் பக்கத்தக் காட்டு. நெசமா என்ன இருந்துச்சு?"

செண்பகம் பிரித்துக் கொடுத்தாள். மாரிசெல்வி விரலை வைத்து வரிசையாகப் பார்த்தாள். அவர்கள் பகுதியின் பேர், பெண், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, சீசன் மாதம். விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"இது என்ன?"

"பொழைக்காதவங்க."

"நம்ம பக்கத்துலயா? இம்புட்டா?"

"ம்."

"இத அப்படியே படிச்சிருந்தா எங்கம்மா என்ன கேட்டிருப்பா தெரியுமா?" மாரிசெல்வி அறிக்கையை மூடினாள். "இது ஒவ்வொண்ணும் யாருன்னு கேட்டிருப்பா. என்னையச் சாமி சத்தியமா அனுப்பியிருக்க மாட்டா. நம்பர்தானன்னு நீயா முடிவு பண்ணிட்ட."

வேன் வந்து நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "ஏறுங்க, ஏறுங்க, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று ஊர்க்காவலன் முன் சீட்டிலிருந்து கத்தினான்.

செண்பகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மாரி, கல்யாணம் வேற எங்கனயாச்சும் அமையும்."

"எங்கன? ஊருபூரா புஸ்தகம் வாசிச்சாச்சு." கோபமில்லாமல்தான் சொன்னாள். மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "முன்ன, ஒரு மாசம் போய்ட்டு நின்னுரணும்னு இருந்துச்சு. இப்ப நின்னு எங்க போகணும்?"

வேன் போய்விட்டது. செண்பகம் ஊர்க்காவலன் மேல் புகார் எழுதி, அதைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கியவர், பார்க்கிறோம் என்றார். பார்த்தார்களோ என்னவோ, வேன் தினமும் போயிற்று.

செட்டில் வாசிப்பு நின்றுபோனது. செண்பகமும் எல்லோரையும் போலக் குழாய் உருட்டினாள். தாள்கள் படிக்கப்படாமலே பசைக்குப் போயின. ஒருத்தரும் அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சோறு வைத்தார்கள், ஊறுகாய் கொடுத்தார்கள். ஆனால் அவள், மழை வருகிறது என்று சொன்னால்கூட ஒருத்தி எழுந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

தீபாவளி நெருங்க நெருங்கச் சத்தமும் கூடியது. சுற்றுப்பட்டுக் கம்பெனிகளிலெல்லாம் வெடித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் கைகள் நிற்கும், அடுத்தது வரவில்லையென்றால் ஓடும். வள்ளித்தாய் கை மட்டும் ரொம்ப நேரம் கழித்துத்தான் ஓடும். அவள் உருட்டுகிற குழாய் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்திலிருப்பவர்கள் பேசாமல் ஆளுக்கு ஒரு பிடியை அவள் சாக்கில் போட்டார்கள்.

ராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், ஆனைக்குட்டம் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கனமான சத்தம். தகரம் லேசாக அதிர்ந்தது. எல்லாக் கையும் நின்றது. சுந்தரத்தாய் கம்பியைப் பாதி உருவினபடியே வைத்திருந்தாள். பசைச் சொட்டு ஒன்று பலகை ஓரத்தில் திரண்டு தொங்கியது.

அடுத்த சத்தம் வரவில்லை. புகையும் தெரியவில்லை. சோதனைதான் என்று சுந்தரத்தாய் சொன்னாள். ஒருத்தி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்று தலையாட்டினாள். மற்றவர்கள் கை ஓட ஆரம்பித்தது.

வள்ளித்தாய் ஓடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பரப்பி வைத்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேன் வருகிற வரைக்கும் இன்னும் ஒரு முழுப் பகல் கிடந்தது.

"ஏத்தா, செம்பகம்" என்றாள். அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "படி."

செண்பகத்தால் நம்ப முடியவில்லை. "என்ன பெரியம்மா?"

"படின்னேன்."

"எதப் படிக்க? கதையா, ரிப்போர்ட்டா?"

"எதையோ எடுத்துப் படி. உள்ளத இல்லாதத எதையோ. வெளிச் சத்தம் என் காதுல விழக் கூடாது. அம்புட்டுதான்."

செண்பகம் குவியலிலிருந்து கைக்கு வந்ததை உருவினாள். எழுந்து நின்றாள். முதல் வரியை வாசித்தாள். வழக்கமான குரல்தான் வந்தது. நெஞ்சை நிறைத்து மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தாள். கடைசி வரிசை நிமிர்ந்து பார்த்தது. குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது. அது யார் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. என்ன வாசிக்கிறாள் என்பதும் தெரியவில்லை.

"இன்னும்" என்றாள் வள்ளித்தாய். வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் சத்தமா."